பிரெண்டா லீ: ஒரே ஒரு கிறிஸ்மஸ் பாட்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் துணிக்கடை, பேக்கரி, விமான நிலையம் என்று எங்கே நுழைந்தாலும் அந்தப் பாட்டு காதில் விழும். கிட்டார் துள்ளிக்கொண்டு தொடங்கும். கொஞ்சம் கரகரப்பான பெண் குரல் ஒன்று ‘ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ’ என்று பாடும். பாட்டைத் தெரிந்த அளவுக்குப் பாடியவரைத் தெரியாது நம்மில் பலருக்கு. குரலை வைத்து, முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் பாடியது என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பாடியவர் அமெரிக்க கன்ட்ரி பாடகி பிரெண்டா லீ. அப்போது அவருக்கு வயது 13.

அந்தப் பாட்டு அவர் வீட்டுத் திண்ணை மாதிரி. பெரும்பாலோர் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். உள்ளே நுழைய நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி இசை பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். பழக்கமில்லாதவர்களுக்கு இவரைவிட நல்ல வாசல் கிடையாது. இரண்டு மாலைப்பொழுதும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும்.

முதல் வேலை: சரியான பதிவைப் பிடியுங்கள்

இதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பழைய பாடகர்கள் பலரும் தங்கள் வெற்றிப் பாடல்களைப் பிற்காலத்தில் வேறு நிறுவனங்களுக்காக மறுபடி பாடிக் கொடுப்பதுண்டு. பிரெண்டா லீயும் பாடியிருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ‘சிறந்த பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருந்த ஒரு மலிவு விலை சிடியை வாங்கி வந்து போட்டேன். பாட்டு அதே பாட்டு, குரலும் அவர் குரல்தான், ஆனால் ஏதோ ஆறிப்போன காபி. உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் அவை மறுபதிவுகள் என்று புரிந்தது.

அதனால் எந்தச் செயலியில் கேட்டாலும் பாட்டின் விவரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்மஸ் பாட்டென்றால் 1958, டெக்கா இசைத்தட்டு நிறுவனம், நீளம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். மற்ற பழைய பாடல்களுக்கும் டெக்கா என்ற பெயரைத் தேடுங்கள். 2024இல் இதே கிறிஸ்மஸ் பாட்டு ஸ்பானிஷ் மொழியில் வெளிவந்தது. அது அவர் ஸ்பானிஷில் பாடியதல்ல. அவருடைய சம்மதத்தோடு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் குரலில் உருவாக்கியது. வேடிக்கைக்காக ஒருமுறை கேட்கலாம், தொடக்கம் அதுவாக இருக்க வேண்டாம்.

இரண்டாவது: தெரிந்த பாட்டையே மூன்று முறை கேளுங்கள்

ஆயிரம் முறை கேட்ட பாட்டுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். இந்த முறை கடைச் சத்தம் இல்லாமல், ஹெட்போனில்.

முதல் முறை குரலை விட்டுவிட்டு வாத்தியங்களை மட்டும் பின்தொடருங்கள். தொடக்கத்தில் துள்ளும் கிட்டாரை வாசித்தவர் ஹேங்க் கார்லண்ட். நடுவில் பாட்டு நின்று ஒரு சாக்ஸபோன் கிளம்புமே, அது பூட்ஸ் ராண்டால்ஃப். பியானோவில் ஃப்ளாய்ட் கிரேமர், பின்னணியில் சேர்ந்திசை பாடுவது அனிதா கெர் குழு. கன்ட்ரி இசைப் பதிவுகளின் தலைநகரான நாஷ்வில் நகரத்தில் அன்று வாத்தியக்காரர்களின் சிறு கூட்டம் ஒன்று இருந்தது. காலையில் ஒருவருக்கு, மதியம் இன்னொருவருக்கு, ராத்திரி வேறொருவருக்கு என்று வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ‘ஏ டீம்’ என்று அவர்களுக்குப் பெயர். எழுதி வைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதைவிட, பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு அங்கேயே யார் எங்கே நுழைவது என்று பேசி முடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். இந்தப் பாட்டின் இறுக்கமில்லாத துள்ளலுக்கு அதுதான் காரணம்.

இரண்டாம் முறை, இது எந்த வகைப் பாட்டு என்று உங்களையே கேட்டுக்கொண்டு கேளுங்கள். கிட்டாரில் கன்ட்ரி வாசனை, தாளத்தில் ராக் அண்ட் ரோல், சேர்ந்திசையில் அன்றைய பாப். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியவர் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. அவர் ஸ்டுடியோவுக்கு ‘குவான்செட் ஹட்’ என்று பெயர். ராணுவம் கிடங்குக்குப் பயன்படுத்தும், கூரை அரைவட்டமாக வளைந்த தகரக் கொட்டகை அது. கன்ட்ரி உலகின் பெரும் பாடல்கள் பலவும் அந்தக் கொட்டகைக்குள் பிறந்தவை.

பதிவு நடந்தது 1958 அக்டோபரில். கிறிஸ்மஸுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. சிறுமிக்கு அந்த மனநிலை வர வேண்டும் என்று பிராட்லி ஸ்டுடியோவில் மரம் ஒன்றை நிறுத்தி, ஏசியை உறைகிற அளவுக்கு வைத்திருந்தார் என்று பிரெண்டா பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் முறை குரல் மட்டும். சில சொற்களின் முடிவில் குரல் விக்கல் எடுத்தது போல ஒடிந்து மேலே போய்த் திரும்பும். அதைத்தான் தேடுகிறோம். இனி வரும் எல்லாப் பாட்டிலும் அந்த ஒடிவு ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும். நம் பாட்டுவாத்தியார்கள் ‘இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை’ என்பார்களே, அந்த ரகம்.

பாட்டை எழுதியவர் ஜானி மார்க்ஸ். மூக்கு சிவந்த கலைமான் ருடால்ஃபின் பாட்டும் அவருடையதுதான். கிறிஸ்மஸ் பாட்டாகவே எழுதிக் குவித்த அந்த மனிதர் யூதர்! இன்னமும் பெரிய பெயர் எடுக்காத ஒரு சிறுமியிடம் ஏன் இந்தப் பாட்டைக் கொடுத்தார் என்பது தனக்கே புரியவில்லை என்று பிரெண்டா சொல்வதுண்டு. வெளிவந்த வருடம் விற்றது சுமார் 5,000 பிரதிகள்தான். 1960இல் அவர் வேறு பாட்டுகளால் புகழடைந்த பிறகுதான் இது மேலேறி, அமெரிக்கப் பாடல்களின் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடத்துக்கு வந்தது.

மூன்றாவது: பின்னோக்கிப் போங்கள்

இப்போது 1956ஆம் வருடத்து ‘ஜம்பலாயா’வைப் போடுங்கள். கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் எழுதிப் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. அம்மா பாடிக் காட்டிய ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவர்.

1944 டிசம்பர் 11, ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டா. பிரெண்டா மே டார்ப்லி பிறந்தது ஓர் ஏழைக் குடும்பத்தில். அப்பா தச்சு வேலை பார்த்தவர். 1953இல் கட்டடப் பணியிடத்தில் நடந்த விபத்தில் இறந்தார். பிரெண்டாவுக்கு வயது 8. தேவாலயத்திலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் பாடிக்கொண்டிருந்த குழந்தையின் பாட்டுதான் அதற்குப் பிறகு வீட்டுக்குச் சோறு போட்டது. டார்ப்லி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அதன் வாலை மட்டும் வெட்டி ‘லீ’ என்று வைத்தார்.

1955 பிப்ரவரி. பக்கத்து ஊர் வானொலியில் பாடினால் 30 டாலர் கிடைக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் அது சின்னத் தொகையல்ல. அதை விட்டுவிட்டு, கன்ட்ரி நட்சத்திரம் ரெட் ஃபோலியின் நிகழ்ச்சி நடக்கும் அகஸ்டா நகருக்குப் போகிறார்கள். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ஃபோலியிடம் கெஞ்சிக் கூத்தாடி, இந்தப் பெண் பாடுவதை ஒருமுறை கேளுங்கள் என்று கேட்க வைக்கிறார். அன்றிரவே மேடை. சிறுமி பாடியது ‘ஜம்பலாயா’. 26 வருட மேடை அனுபவம் உள்ள ஃபோலி, மேடையை விட்டு இறங்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதாகத் தானே சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒளிபரப்பான அவருடைய ‘ஓசார்க் ஜூபிலி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரெண்டா இருந்தார்.

டெக்கா நிறுவனம் இசைத்தட்டில் ‘சின்ன பிரெண்டா லீ, 9 வயது’ என்று அச்சடித்தது. உண்மையில் 11. குழந்தைக்கும் வயதைக் குறைத்த வியாபாரம்! மூன்று வருடம் கழித்துப் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்குக்குப் போனபோது தலைகீழ்க் கூத்து. குரலைக் கேட்டுவிட்டு, வயது வந்த பெண் ஒருத்தி வருவாள் என்று அழைத்தவர்கள் எதிர்பார்க்க, அவர் மேலாளர் டப் ஆல்பிரிட்டன் 32 வயதுக் குள்ளப் பெண்மணி என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். வளர்ந்த பிறகும் அவர் உயரம் 4 அடி 9 அங்குலம்தான். 1957இல் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து ‘சின்ன டைனமைட்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை.

‘ஜம்பலாயா’வைக் கேட்கும்போது இந்தக் கதை பின்னால் இருக்கட்டும். கீச்சுக் குரலில் குழந்தை பாட்டு எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். அடித்தொண்டையிலிருந்து உறுமல் வரும்.

நான்காவது: ‘ஐம் சாரி’. இங்கே அவசரப்படாதீர்கள்

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் கிறிஸ்மஸ் பாட்டைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இதற்கு முன்னுரையாக 1959ஆம் வருடத்து ‘ஸ்வீட் நத்தின்ஸ்’ கேட்டுக்கொள்ளுங்கள். காதில் கிசுகிசுப்பதில் தொடங்கி உறுமலாக மாறும் குறும்புப் பாட்டு. பில்போர்டில் 4ஆம் இடம். எழுதிய ரானி செல்ஃப்தான் டப் ஆல்பிரிட்டனோடு சேர்ந்து ‘ஐம் சாரி’யையும் எழுதினார்.

1960 மார்ச் மாதம், அதே தகரக் கொட்டகை. இந்த முறை வயலின்களும் வந்திருந்தன. கன்ட்ரி பதிவுகளில் வயலினை ‘ஃபிடில்’ என்று நாட்டுப்புறப் பாணியில் உரசி வாசிப்பதுதான் அதுவரை வழக்கம். இங்கே வயலின் கூட்டம் பட்டு விரித்தது போல வழுவழுவென்று வரும். பிராட்லியும் அவருடைய சமகாலத்தவர்களும் வளர்த்த இந்தப் பாணிக்குத்தான் ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர். கன்ட்ரியின் ஆன்மாவைப் பாப் சந்தைக்கு விற்றுவிட்டார்கள் என்று திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. இந்தப் பாட்டைக் கேட்டபின் யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எப்படிக் கேட்பது? வயலின்கள் ஒரு வரி சொல்லும், குரல் பதில் சொல்லும். குரல் அவசரப்படாது. ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் இறக்கி வைப்பார், நாம் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும்படி. நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுவார், வசனம் போல. அந்த இடத்தில் இவரால் அழுது ஊரைக் கூட்டியிருக்க முடியும். செய்யவில்லை. அடங்கிய குரலில் சொல்லிவிட்டு மறுபடி பாட்டுக்குள் போகிறார். பாடும்போது வயது 15.

அந்த வயதே டெக்காவுக்குத் தலைவலியானது. பதினைந்து வயதுப் பெண் தோற்றுப்போன காதலுக்கு மன்னிப்புக் கேட்டால் எடுபடுமா என்று பல வாரம் கிடப்பில் போட்டார்கள். கடைசியில் ஜெரி ரீட் எழுதிய துள்ளல் பாட்டு ஒன்றை முன்பக்கமாகவும் இதைப் பின்பக்கமாகவும் வைத்து வெளியிட்டார்கள். முன்பக்கப் பாட்டு 6ஆம் இடம் வரை போனது. ஜூலையில் பின்பக்கப் பாட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது. அக்டோபரில் இத்தாலிய மெட்டு ஒன்றை ஆங்கிலமாக்கிய ‘ஐ வாண்ட் டு பி வாண்டெட்’ அவருடைய இரண்டாவது முதலிடம். இந்த அக்டோபரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்தாவது: அறுபதுகளை மேய்ந்துவிட்டு வாருங்கள்

இங்கே வரிசை முக்கியமில்லை. ‘எமோஷன்ஸ்’, ‘டம் டம்’, ‘பிரேக் இட் டு மீ ஜென்ட்லி’, ‘ஆல் அலோன் ஆம் ஐ’, ‘ஆஸ் யூஷுவல்’, ‘கமிங் ஆன் ஸ்ட்ராங்’ என்று ஆறேழு பாட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பாருங்கள். எந்தப் பாட்டு வேலையை நிறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வேலையை நிறுத்தியது ‘ஆல் அலோன் ஆம் ஐ’. அதன் மெட்டு கிரேக்க இசையமைப்பாளர் மானோஸ் ஹாஜிடாகிஸ் போட்டது. நாஷ்வில் கொட்டகையில் கிரேக்க மெட்டு எப்படிப் பொருந்தியது என்று யோசிக்க வேண்டாம், பொருந்தியிருக்கிறது.

1964இல் லண்டனில் பதிவு செய்த ‘இஸ் இட் ட்ரூ’வில் மட்டும் கிட்டாரைக் கவனியுங்கள். வாசித்தது ஜிம்மி பேஜ், அவருடைய புகழ்பெற்ற ராக் குழுவான லெட் ஜெப்பலின் பிறப்பதற்கு நான்கு வருடம் முந்தி. 1962இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பிரெண்டா பாடிய நிகழ்ச்சியில் அவருக்கு முன்னால் மேடையேறிய லிவர்பூல் பையன்கள் அப்போது பெயர் இல்லாதவர்கள். பீட்டில்ஸ் என்று பின்னால் உலகம் அறிந்தது.

1963இல், 18 வயதில், ரானி ஷாக்லெட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். குழந்தை நட்சத்திரங்களின் வாழ்க்கை வரலாறுகளில் வழக்கமாக வரும் சீரழிவு அத்தியாயம் இவர் கதையில் இல்லை. தொண்டையும் உடம்பும் சிலமுறை படுத்தியதுண்டு, அவ்வளவுதான்.

ஆறாவது: எல்லோரும் தாண்டிப் போகும் எழுபதுகள்

‘கன்ட்ரி பாடகி என்றீர்கள், இதுவரை கேட்டது பாதி பாப்பாக இருக்கிறதே’ என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். நியாயம்தான். கன்ட்ரியில் தொடங்கி, பாப்பில் உச்சம் தொட்டு, அங்கே அலை வடிந்தபின் கன்ட்ரிக்கே திரும்பியவர் அவர். திரும்பி வந்த காலத்தை இசைச் செயலிகளின் ‘சிறந்தவை’ பட்டியல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நீங்களே தேடி எடுக்க வேண்டும்.

1973ஆம் வருடத்து ‘நோபடி வின்ஸ்’ஸில் தொடங்குங்கள். எழுதியவர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன். கன்ட்ரி பட்டியலில் 5ஆம் இடம் போனது. பிரிந்து போகிற இருவரில் ஜெயித்தவர் யாருமில்லை என்பதுதான் சங்கதி. ‘ஐம் சாரி’க்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பதினைந்து வயதில் அனுபவிக்காத துக்கத்தைப் பாடினவர், இருபத்தெட்டில் அறிந்தவர் போலப் பாடுகிறார். விக்கல் குறைந்திருக்கிறது, மூச்சு கூடியிருக்கிறது. அடுத்து 1974இன் ‘பிக் ஃபோர் போஸ்டர் பெட்’. ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பத்தின் தலைமுறைகள் வந்து போகும் கதைப்பாட்டு. கன்ட்ரி இசை கதை சொல்லும் கலை என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரு பாட்டிலேயே விளங்கிவிடும். பிறகு ‘ஹீஸ் மை ராக்’. இந்த மூன்று போதும், பிடித்தால் நீங்களே தோண்டிக்கொள்வீர்கள்.

1997இல் கன்ட்ரி இசை மரபு அரங்கமும் (சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’) 2002இல் ராக் அண்ட் ரோல் மரபு அரங்கமும் அவரைச் சேர்த்துக்கொண்டன. இரண்டிலும் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஏழாவது: 65 வருடப் பழைய பாட்டு எப்படி முதலிடம் வந்தது?

புதியவர்களுக்குக் குழப்பம் தரும் இடம் இது, அதனால் கொஞ்சம் விளக்கம். அந்தக் காலத்தில் பட்டியல் என்பது கடையில் விற்ற தட்டு, வானொலியில் ஒலித்த நேரம் இவற்றின் கணக்கு. வீட்டில் ஏற்கெனவே தட்டு வைத்திருப்பவர் வருடாவருடம் அதைப் போட்டு ஆடினாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. போதாக்குறைக்கு 1963 முதல் சில வருடங்கள் கிறிஸ்மஸ் பாட்டுகளைத் தனிப் பட்டியலில் ஒதுக்கியும் வைத்தார்கள். 1990இல் வந்த ‘ஹோம் அலோன்’ படத்தில் சிறுவன் கெவின் பொம்மைகளை ஆட்டிவிட்டு வீட்டில் விருந்து நடப்பதாகத் திருடர்களை ஏமாற்றுவானே, அங்கே ஒலித்தது இந்தப் பாட்டுதான். ஒரு புதுத் தலைமுறை அங்கே பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு ஒவ்வொரு தடவை கேட்பதும் கணக்கானது. 2019இல் 2ஆம் இடம் வரை வந்தது, முதலிடத்தில் பாடகி மரியா கேரியின் கிறிஸ்மஸ் பாட்டு. அதன் பின்னும் ஒவ்வொரு டிசம்பரும் இதே கதை.

2023 நவம்பரில் அந்தப் பாட்டுக்கு முதன்முறையாக முறையான வீடியோ ஒன்று எடுத்தார்கள். வீடு நிறைய விருந்தாளிகள், கூடவே கன்ட்ரி நட்சத்திரங்கள் டான்யா டக்கரும் டிரிஷா இயர்வுட்டும். நடுவில் பிரெண்டா, 78 வயது, தன் பதின்மூன்று வயதுக் குரலுக்கு உதடு அசைக்கிறார். யூடியூபில் இருக்கிறது, ஒலியை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். டிசம்பர் 9 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் பாட்டு முதலிடம் வந்தது. 79ஆம் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் பாக்கி. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்களிலேயே அதிக வயதானவர் ஆனார். நான் நினைவில் வைக்கச் சொன்ன 1960 அக்டோபருக்குப் பிறகு அவர் முதலிடத்துக்குத் திரும்ப 63 வருடம் ஆகியிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை

1958இல் வந்த அந்தக் கிறிஸ்மஸ் இசைத்தட்டைத் திருப்பிப் போடுங்கள். செயலியில் ‘பாப்பா நோயல்’ என்று தேடினால் கிடைக்கும். லூசியானா சதுப்பு நில மக்களின் கேஜன் வாடையோடு, அங்கே கிறிஸ்மஸ் தாத்தா வருகிறதைப் பாடும் பாட்டு. அதைக் கேட்டு முடித்ததும் நிறுத்தாமல் ‘ஜம்பலாயா’வைப் போடுங்கள். அதுவும் அதே லூசியானா, அதே கேஜன் வாடைதான். அகஸ்டா மேடையில் ரெட் ஃபோலியை வாய் பிளந்து நிற்க வைத்த சிறுமி, முன்பக்கத்தைவிட அந்தப் பின்பக்கத்தில்தான் கூடுதலாக இருக்கிறாள்.